நல்லாத்தானே இருக்கேன்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைப் பக்கம் பருத்திக் காட்டில் களை எடுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். பெண்கள் வரிசை பிடித்து, குந்தியும் குனிந்தும், பேச்சும் சிரிப்புமாக நகர்ந்துகொண்டே போவார்கள். பாத்தி முடிந்ததும் களைக்கொத்தை ஊன்றிச் சட்டென்று எழுந்து நிற்பார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யாராவது தண்ணீர் கேட்பார்கள். வெளியில் தெரிவது அவ்வளவுதான்.

அந்த எழுந்து நிற்கிற நொடியில் உடம்புக்குள் பெரிய வேலை ஒன்று நடந்து முடிந்திருக்கும். நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் காலையும் அடிவயிற்றையும் நோக்கி இறங்கித் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது; மூளைக்கு ஏறும் ரத்தமும் குறைய வேண்டும். கண் இருட்டி, கால் மடங்கி விழ வேண்டிய நேரம் அது. ஆனால் யாரும் விழுவதில்லை.

தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் விரலை வைத்தால் துடிப்பு தெரியும். மூளைக்குப் போகிற பெரிய தமனி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் குழாய்ச் சுவருக்குள் நுண்ணிய நரம்பு நுனிகள் பதிந்திருக்கின்றன. இதயத்திலிருந்து வளைந்து இறங்கும் மகாதமனியிலும் அதே போன்ற நுனிகள் உண்டு. ரத்தம் அழுத்தினால் சுவர் விரியும், நுனிகள் இழுபடும், செய்தி மூளையின் அடித்தண்டிலுள்ள முகுளத்துக்குப் போகும். அழுத்தம் இறங்கினால் இழுவிசை குறையும், செய்தியும் குறையும். முகுளம் உடனே இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லும். சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லும். எல்லாம் சில துடிப்புகளுக்குள். களை எடுக்கிற பெண் தண்ணீர்ச் செம்பைக் கையில் வாங்குவதற்குள் கணக்கு சரியாகியிருக்கும்.

நொடிப்பொழுதில் சரிசெய்யத் தெரிந்த இதே உடம்பு, அழுத்தம் ஆண்டுக்கணக்கில் ஏறியே கிடந்தால் வாயைத் திறப்பதில்லை. ‘பிரஷர்’ என்று ஊரில் சொல்லப்படும் உயர் ரத்த அழுத்தத்தைப் புரிந்துகொள்ள, இந்த மௌனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. மற்றவர்களில் பலருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மாத்திரை சாப்பிடவில்லை, அல்லது தொடங்கிவிட்டு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதற்குக் காரணம் கேட்டால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் வேறெங்கும் போலவே ஒரே பதில்தான் வரும்: “நல்லாத்தானே இருக்கேன்.”

அவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே நன்றாகத்தான் உணர்கிறார்கள். கழுத்திலிருக்கும் அந்த நரம்பு நுனிகளுக்கு ஒரு குணம் உண்டு. திடீர் மாற்றத்தைக் கண்டால் துள்ளும். அழுத்தம் உயர்ந்தே சில நாட்கள் நிலைத்துவிட்டால் அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ராப்பகலாக ஓடும் சாலையோரத்து வீட்டில் பிறந்த குழந்தை அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகுவதைப் போல. அதன் பிறகு 160தான் அந்த உடம்புக்கு நடு நிலை. அங்கிருந்து இறங்கினால், ‘ஏதோ குறைகிறதே’ என்று மேலே ஏற்றப் பார்க்கும். மாத்திரை தொடங்கிய முதல் சில நாட்களில் சிலருக்குத் தலை லேசாகக் கிறுகிறுப்பது இதனால்தான். நுனிகள் மறுபடியும் பழைய அளவுக்குப் பழகிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அந்த நாட்களில் படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்பது நல்லது. கிறுகிறுப்பு நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

120க்கு 80 என்று எழுதுகிறார்களே, அதில் மேல் எண் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் எண் இதயம் தளர்ந்து நிரம்பும்போது இருப்பது. ஓய்வில் இருக்கும் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இறைக்கிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கிறது. சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு மீதியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, குழாய் எவ்வளவு குறுகல் என்ற மூன்றையும் பொறுத்ததுதான் அழுத்தம். குழாயின் குறுகலில்தான் சூட்சுமம். உள் அகலம் வெறும் 10 சதவீதம் குறைந்தால் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பாதியாகக் குறைந்தால் 16 மடங்கு. அதனால்தான் நுண்தமனிகள் இம்மியளவு இறுகினாலும் கருவியில் எண் எகிறுகிறது.

நரம்புகள் பார்ப்பது நொடிக்கணக்கு. நீண்ட நாள் கணக்கைச் சிறுநீரகம் பார்க்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக விட்டுவிட்டு, மற்றதைத் திருப்பி உள்ளே இழுத்துக்கொள்ளும் உறுப்பு அது. தனக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைந்தால் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். 1898இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றில் இதைக் கண்டார்கள். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1934இல் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெரித்துக் காட்டினார். அந்த நாய்களுக்கு உடம்பு முழுக்க ரத்த அழுத்தம் ஏறியது. ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் தவறாக நினைத்துக்கொண்டால் உடம்பையே அழுத்தத்தில் தள்ளும் என்பது அன்று தெளிவானது.

ரெனின் கிளம்பினால் தொடர்ந்து ஆஞ்சியோடென்சின் உருவாகும். அது ரத்தக் குழாய்களை இறுக்கும். அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்பி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்திடம் சொல்வது ஒன்றே ஒன்று: உப்பை வெளியே விடாதே. உப்பு தங்கினால் தண்ணீரும் கூடவே தங்கும்.

இந்த உப்புப் பிடிவாதத்துக்கு வெகு பழைய காரணம் இருக்கிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிளிஞ்சலும் சங்கும் கல்லாகிக் கிடப்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரமும் அந்தக் கடலோரக் காலத்தைச் சேர்ந்ததுதான். அதற்கும் வெகு முன்பே உயிர்கள் கடலை விட்டுக் கரையேறியிருந்தன. உப்பு எளிதில் கிடைக்காத நிலத்தில், கிடைத்த துளி உப்பையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட உடம்புகளே பிழைத்தன. நமக்கு வாய்த்திருப்பது அப்படிப்பட்ட உடம்பு. அதன் முன்னால் இன்று உப்பு பாக்கெட் பாக்கெட்டாகக் கிடக்கிறது.

பிரேசில் காடுகளில் வாழும் யனோமாமி மக்கள் உணவில் உப்பே சேர்ப்பதில்லை. 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு, 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தது. யனோமாமிகளின் சராசரி 96க்கு 61ஐ ஒட்டி இருந்தது. வயது ஏறியும் அழுத்தம் ஏறவில்லை. “வயசானா பிரஷர் வரத்தானே செய்யும்” என்று பேசிப் பழகிய நமக்கு இது நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவு. இந்தியாவில் 2017-18இல் நடந்த தேசிய ஆய்வில் சராசரி 8 கிராம் என்று வந்தது. தன் வீட்டுக் கணக்கு தெரிய வேண்டுமானால் ஆய்வகம் தேவையில்லை. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் தேதியை அதன் மேலேயே எழுதி வைக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் அது ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்குச் சற்று மேல். சோறு வடிக்கும்போதும் காய் கழுவும்போதும் கொஞ்சம் வீணாகும் என்றே வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்ட ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், கடை மிக்சர் எல்லாம் இந்தப் பாக்கெட்டுக்கு வெளியிலிருந்து வந்துவிடுகின்றன. பழைய சோற்றில் இரண்டாவது தடவை கை தானாக உப்பு எடுக்கிறதே, அதை நிறுத்துவதுதான் முதல் படி. தொட்டுக்கொள்ளச் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயமே போதும். ஊறுகாயை எப்போதாவது வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்புக்கு மாறிவிட்டதால் பிரச்சினை இல்லை என்று நம்புகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். இந்துப்பும் ஏறக்குறைய முழுக்க முழுக்க அதே சோடியம் குளோரைடுதான். நிறம்தான் வேறு. சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு என்பது வேறு சரக்கு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

உடம்பு சொல்லாததைக் கருவி சொல்கிறது. கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் முறையை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கொடுத்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் கண்டுபிடிக்கலாம் என்று 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் சொன்னார். நூற்றிருபது ஆண்டுகளாக அடிப்படை மாறவில்லை. மாற வேண்டியது அளக்கும் ஒழுங்கு. பஸ்ஸை விட்டு இறங்கி வேர்க்க விறுவிறுக்க வந்தவரைப் பிடித்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அளந்தால் வருகிற எண்ணை நம்ப முடியாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். டீ, காபி, பீடி முடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் எண் ஏறும், பேசினாலும் ஏறும். ஒரு நாள் பார்த்து முடிவுகட்டாமல் வேறொரு நாளும் பார்த்து, இரண்டிலும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்.

இதற்கு மருந்தே இல்லாத காலம் வெகு தொலைவில் இல்லை. இரண்டாம் உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு ஆண்டுக்கணக்கில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் செய்ய மருத்துவர்களிடம் அதிகம் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய அழுத்தம் 300க்கு 190. உலகின் வலுவான நாட்டுக்கு அதிபராக இருந்தவருக்குக் கிடைக்காத மாத்திரை, இன்று பெரம்பலூர் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதை வாங்கிவந்து அலமாரியில் போட்டுவைப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

மருந்து வந்த வழியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை நம் வைத்தியர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்தார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931இலேயே கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற மருத்துவர்கள் எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதைப் பற்றிப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் அது பின்னுக்குப் போய்விட்டது. அதற்குள் வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. சர்ப்பகந்தா பெயரில்தான் பாம்பு. இன்னொரு மருந்து நிஜப் பாம்பிலிருந்தே வந்தது. பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தவர்களுக்கு அழுத்தம் மளமளவென்று சரியும். அந்த விஷத்தைச் செர்ஜியோ ஃபெரெய்ரா ஆராய, அதன் வழியில் போன அமெரிக்க விஞ்ஞானிகள் ஆஞ்சியோடென்சின் உருவாவதையே தடுக்கும் காப்டோபிரில் மருந்தைச் செய்தார்கள். 1981இல் அது சந்தைக்கு வந்தது. இன்றைய எனலாப்ரில் அதன் தம்பி.

இப்போது பெரும்பாலோர் கையில் இருப்பது அம்லோடிபின், டெல்மிசார்டன், எனலாப்ரில், குளோர்தாலிடோன், அட்டெனோலால் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ. அம்லோடிபின் ரத்தக் குழாய்த் தசையைத் தளர்த்தி அகலப்படுத்துகிறது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். டெல்மிசார்டனும் எனலாப்ரிலும் ரெனின் கிளப்பிவிடும் தொடரை வெவ்வேறு இடத்தில் அறுக்கின்றன. எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். கர்ப்பிணிகள் இந்த இரண்டையும் சாப்பிடக் கூடாது. அவர்களுக்கென்று வேறு மருந்துகள் உண்டு. குளோர்தாலிடோன் உப்பைச் சிறுநீரில் கழிக்கிறது. அட்டெனோலால் இதயத்தை நிதானமாக அடிக்க வைக்கிறது; அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வீக்கமோ இருமலோ வந்தால் மருந்தை மாற்றிக் கொடுக்க மருத்துவருக்கு வழி இருக்கிறது. பலருக்கு ஒரே மருந்தின் அளவைக் கூட்டுவதைவிட இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பதே நன்றாக வேலை செய்கிறது. மேல் எண் 10 குறைந்தாலே பக்கவாத வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை காட்டியது.

“தலை கிறுகிறுன்னா அன்னிக்கு ஒண்ணு போட்டுக்குவேன்” என்று சொல்கிறவர்கள் நிறைய. அம்லோடிபின் உடம்பில் தங்கி முழு வேலையைக் காட்ட ஏழெட்டு நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தலைவலித்த அன்று போடுகிற ஒரு மாத்திரையால் ஆவது ஒன்றும் இல்லை. அழுத்தம் ஏறியிருக்கும் பலருக்குத் தலைவலியே வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஊரில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மருந்துக்கடையில் இரண்டு ‘வலி மாத்திரை’ வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. டைக்ளோஃபினாக் போன்ற அந்த மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். பிரஷர் மாத்திரையோடு தொடர்ந்து சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரகமே பழுதாகலாம். எந்த வலிக்குப் போனாலும் “எனக்கு பிரஷர் இருக்கு” என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுப்பதும், கெட்ட சிறுநீரகம் அழுத்தத்தை இன்னும் ஏற்றுவதும் ஒன்றையொன்று துரத்தும் சுழல். அது டயாலிசிஸ் அறையில்தான் போய் நிற்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் வீடு வீடாகப் போகிறது. அதற்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்தது. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்போர் 2023-24 ஸ்டெப்ஸ் ஆய்வில் 17 சதவீதமாக ஏறினார்கள். ஏழிலிருந்து பதினேழு என்பது நல்ல ஏற்றம்தான். ஆனாலும் நூறில் எண்பத்து மூன்று பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பெரிய சிகிச்சை முன்பைவிட அருகில் இருக்கிறது. பக்கவாதம் வந்தவரை அங்கே கொண்டுபோவதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் திண்ணையில்தான் கழிகின்றன.

அந்தத் திண்ணைக்குத்தான் சுகாதாரத் தன்னார்வலர் வருகிறார். பெரும்பாலும் அதே ஊர் மகளிர் குழுப் பெண். பையிலிருந்து கருவியை எடுப்பதற்கு முன்பு அவர் கேட்பது ஒன்று.

“பெரியம்மா, போன தடவை கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்க.”

“அது கிடக்கட்டும் பாப்பா. நல்லாத்தானே இருக்கேன்.”

“இருக்கீங்க. எடுத்துட்டு வாங்க.”

அட்டை வருகிறது. பத்துக் குழியில் நான்கு காலி, ஆறு அப்படியே. அடுத்த அட்டை பிரிக்கப்படவே இல்லை. அவர் எதுவும் சொல்லாமல் பெரியம்மாவைச் சுவரில் சாய்ந்து உட்காரவைத்து, கையைத் தலையணை மேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்கிறார். பட்டை இறுகித் தளர்கிறது. 168, 98. எண் தெரியும்படி கருவியைப் பெரியம்மாவின் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்.